வளவுக்கு வந்த பெரிய அந்துப்பூச்சி எது? – வாசகர் கேள்வி பதில்

ஐப்பசியில் இரண்டு மழை விழுந்ததும் வன்னியிலிருந்து வரும் கடிதங்களின் பேச்சு மாறிவிடும். உள்ளங்கையை மூடும் அளவில் ஒரு பூச்சி கிணற்றடியில் இருந்தது, விறாந்தைச் சுவரில் ஒட்டியிருந்தது, தொட்டால் கத்தியது, அது என்ன என்று கேட்டு எழுதுவார்கள். இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம்.

ஒரு வேண்டுகோள். "மண்ணிறம், பெரியது" என்று எழுதினால் பத்து இனங்களுக்குப் பொருந்தும். எந்த மரத்தில் இருந்தது, சுற்றிவர என்ன செடி நிற்கிறது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். பெரும்பாலான அந்துகளின் குடம்பி, அதாவது புழு, கண்டதையும் தின்னாது. அதற்கென்று சில மரங்கள், சில செடிகள்தான். செடி தெரிந்தால் பாதிப் பெயர் தெரிந்த மாதிரி.

எங்கள் கிணற்றடியில் ஒரு மருதமரம் நிற்கிறது. விடியக்காலையில் அதன் அடிமரத்தில் விரித்த கை மாதிரி ஒரு மண்ணிறப் பூச்சி இருந்தது. நான்கு செட்டையிலும் கண்ணாடி பதித்த மாதிரி வட்டம். மகன் இணையத்தில் பார்த்துவிட்டு 'அட்லஸ்' என்கிறான். சீனித்தண்ணீர் வைத்தோம், குடிக்கவில்லை. நோயா?
– ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்

நோய் இல்லை. அட்லஸும் இல்லை. நீங்கள் கண்டது தசர் பட்டு அந்து. அறிவியற் பெயர் அன்தெரியா பாஃபியா. உயிரினங்களுக்கு அறிவியற் பெயரிடும் முறையைத் தந்த லின்னேயஸ் 1758ஆம் ஆண்டிலேயே பெயரிட்ட இனம். 'வட்டம்' என்றும் 'மருதமரம்' என்றும் எழுதினீர்களே, அந்த இரண்டு சொல்லும் போதும்.

அந்த வட்டங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். செட்டையின் மற்ற இடமெல்லாம் மாவு மாதிரிச் செதில் மூடியிருக்கும். வட்டத்துக்குள் மட்டும் செதில் இல்லை, வெறும் மெல்லிய சவ்வு. பின்னால் ஒரு பத்திரிகைத் தாளைப் பிடித்தால் எழுத்துத் தெரியும். சுற்றிவர மஞ்சளும் சிவப்பும் கறுப்புமாக மெல்லிய வளையங்கள். ஒவ்வொரு செட்டையிலும் ஒன்று, மொத்தம் நான்கு.

அட்லஸுக்கும் கண்ணாடி உண்டு. ஆனால் அது முக்கோணம். முன்செட்டையின் நுனி வளைந்து, பாம்பின் தலையைப் பக்கவாட்டில் பார்த்தது போல இருக்கும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உள்ள அட்லஸ் இனத்தின் பெயர் அற்றகஸ் தப்ரபானிஸ். தப்ரபேன் என்ற நம் தீவின் பழைய பெயரே அதில் இருக்கிறது. அதன் அகலம் 20 சென்ரிமீற்றரை எட்டும். தசர் பெரும்பாலும் 13 முதல் 18 வரை. அளக்கும்போது செட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். அது இருக்கிற இருப்பில், பக்கத்தில் ஓர் அடிமட்டத்தைச் சுவரோடு அணைத்து வைத்து, மேலிருந்து நேராகப் படம் எடுத்தால் போதும். சரிவாக எடுத்த படத்தில் அளவும் தவறும், வட்டமும் முட்டை வடிவமாகத் தெரியும்.

சீனித்தண்ணீர் விடயத்துக்கு வருவோம். இந்தக் குடும்பத்து அந்துகளுக்கு வேலை செய்கிற வாயே இல்லை. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்பில் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் வாழும். அதற்குள் ஆண் பெண்ணைத் தேடிச் சேர வேண்டும், பெண் முட்டையிட வேண்டும். ஆகவே போத்தலிலோ பெட்டியிலோ அடைத்துவைத்து உபசரிக்க வேண்டாம். அடைத்தால் இரவு முழுக்க அடித்து அடித்துச் செட்டையைக் கிழித்துக்கொள்ளும்.

ஆணா பெண்ணா என்று உணர்கொம்பைப் பார்த்தால் தெரியும். ஆணுக்கு அகன்ற இறகு மாதிரி இருக்கும், பெண்ணுக்கு ஒடுக்கமாக இருக்கும். பெண் காற்றில் விடும் மணத்தைத் தூரத்திலிருந்தே பிடிப்பதற்குத்தான் ஆணுக்கு அவ்வளவு அகலம். பெண்ணின் வயிறு முட்டையால் பருத்திருக்கும்.

இனி உங்கள் மருதமரத்தை அண்ணாந்து பாருங்கள். நாவலும் இலந்தையும் நின்றால் அவற்றையும் பாருங்கள். கோழிமுட்டையைவிடச் சற்றுச் சிறிய, சாம்பல் கலந்த மண்ணிறக் கூடு ஒன்று காம்போடு தொங்கக்கூடும். காம்பின் மேல்நுனி சுள்ளியைச் சுற்றி மோதிரம் போலப் பிணைந்திருக்கும். விரலால் தட்டினால் விதை போலக் கடினம். இலை உதிர்ந்தாலும் கூடு விழாமல் இருப்பது அந்த மோதிரத்தால்தான். வறண்ட மாதங்களில் உள்ளே இருக்கும் கூட்டுப்புழு பல மாதங்கள் உறங்கி, மழையோடு வெளிவரக்கூடும். "காய்ந்த கூடு, செத்துப்போயிருக்கும்" என்று உடைத்துப் பார்க்கிறவர்கள் பலர். உடைத்தால்தான் சாகும்.

கிளை வெட்டும்போது கூடு விழுந்துவிட்டால் இப்படி வையுங்கள். காம்பு மேலாக இருக்கும்படி நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும். சுற்றிவர 30 சென்ரிமீற்றருக்குக் குறையாத வலைப்பெட்டி தேவை. நிழலான, காற்றோட்டமான இடம். கடும் வெயிற்காலத்தில் மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை கையால் தண்ணீர் தெளித்தால் போதும், நனைத்து ஊறவைக்கக் கூடாது, பூஞ்சணம் பிடிக்கும். தொங்கவிட்ட கம்பியில் கிறீஸ் பூசுங்கள். இல்லாவிட்டால் முசுறு வரும், வந்தால் எதுவும் மிஞ்சாது.

வெளிவருகிற நாளில் கூட்டின் ஒரு முனை ஈரமாகும். அந்து ஒரு நொதியத்தைச் சுரந்து பட்டை இளக்கித்தான் வெளியே வருகிறது. வந்ததும் செட்டை நனைந்த கடுதாசி மாதிரிச் சுருங்கி இருக்கும். அது ஏறித் தொங்கிச் செட்டையை விரிக்க அரை மணித்தியாலமாவது வேண்டும், உலர்ந்து விறைக்க இன்னும் ஓரிரு மணித்தியாலம். வளர்ப்பவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். வழுவழுப்பான பிளாஸ்ரிக் பெட்டியில் ஏறப் பிடி கிடைக்காது, கீழே கிடந்தபடியே செட்டை கோணலாக விறைத்துவிடும். பிறகு திருத்த முடியாது. செட்டை விரிந்த பின் ஒரு மண்ணிறத் திரவத்தைப் பீச்சும். அது இரத்தமில்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. பயப்பட வேண்டாம். அன்று இரவே வலையைத் திறந்துவிடுங்கள்.

சிறுபோகத்துக்கு எள்ளு விதைத்தோம். விரற்பருமனில் பச்சைப் புழு, வாலில் கொம்பு. இரவு விளக்கடிக்கு வந்த பெரிய அந்து ஒன்றின் முதுகில் மண்டையோடு கீறியது போல இருந்தது. பிடித்தால் 'கீச்' என்று கத்துகிறது. வீட்டுக்கு ஆகாது என்று அம்மம்மா சொல்கிறா. இரண்டும் ஒன்றா?
– ஒரு விவசாயி, மல்லாவி

ஒன்றுதான். மண்டையோட்டுப் பருந்தந்து. இலங்கையில் இரண்டு இனங்கள்: அக்கரொன்ரியா ஸ்ரிக்ஸ், அக்கரொன்ரியா லக்கேசிஸ். பின்செட்டையைப் பாருங்கள். அடிப்பகுதி முழுக்கக் கறுப்பாக இருந்தால் லக்கேசிஸ். மஞ்சள் நிலத்தில் இரண்டு கறுப்புப் பட்டிகள் மட்டும் ஓடினால் ஸ்ரிக்ஸ். எள்ளில் பேர்போனது ஸ்ரிக்ஸ். இந்தப் பெயர்களைக் கிரேக்கப் புராணத்து மரண ஆறுகளிலிருந்தும் விதித் தெய்வத்திலிருந்தும் எடுத்தார்கள். பெயர் வைத்த ஐரோப்பாவிலும் அந்த மண்டையோட்டைக் கண்டு பயந்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. உங்கள் அம்மம்மாவிடம் சொல்லுங்கள்: அந்த உருவம் மஞ்சளும் கறுப்புமான மயிர்கள் சேர்ந்து உண்டான அடையாளம், அவ்வளவே. அதற்குக் கொடுக்கு இல்லை, நஞ்சும் இல்லை.

கத்துவது எப்படி? மற்ற அந்துகள் பலவற்றால் வாயால் சத்தமிட முடியாது. இதன் தொண்டைக்குள் காற்றை இழுத்து வெளியே தள்ளுகிற அமைப்பு ஒன்று உண்டு. இழுக்கும்போது ஒரு சிறு மடல் அதிர்கிறது. ஆர்மோனியத்தின் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். விரலுக்கிடையில் மெதுவாகப் பிடித்தால் மார்பு அதிர்வது கையில் தெரியும். எதிரியை ஒரு கணம் திகைக்கவைக்கத்தான் அந்தச் சத்தம்.

நாக்கு குட்டையும் தடிப்பும் கூர்மையும் ஆனது. பூவுக்குள் விட்டுத் தேன் குடிக்க ஏற்றதல்ல. ஆகவே தேனடையில் துளைத்துக் குடிக்கும். பக்கத்தில் தேனீப் பெட்டி வைத்திருந்தால் வாசலின் உயரம் 8 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. அதன் மார்பு அதற்குள் நுழையாது.

இனி எள்ளு. புழு பெரிதானபின் ஒரு செடியை ஓரிரு இரவில் மொட்டையடிக்கும். ஆனால் கூட்டமாக வராது, ஆங்காங்கே ஒன்றிரண்டுதான் இருக்கும். ஆகவே வயல் முழுக்க மருந்தடிப்பது வீண் செலவு. பூக்கிற காலத்தில் அடித்தால் காய் பிடிக்கவைக்கிற தேனீயையும் கொல்லும். புழுவைக் கண்ணால் தேடினால் கிடைக்காது, பச்சையோடு பச்சையாக, பக்கவாட்டுச் சரிவுக் கோடுகளோடு இலைநரம்பு மாதிரியே இருக்கும். நிலத்தைப் பாருங்கள். மிளகைவிடப் பெரிய, வரி விழுந்த எச்சம் கிடக்கும். பச்சையாக ஈரமாக இருந்தால் புழு நேர் மேலே இருக்கிறது. கறுத்துக் காய்ந்திருந்தால் அது போய்விட்டது, அடுத்த செடிக்குப் போங்கள். காலை ஏழு மணிக்கு முன் தேடினால் வேகமாகக் கிடைக்கும். பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீர் வாளியில் போடுங்கள். அந்தக் கொம்பு குத்தாது.

புழு சின்னதாக, 2 சென்ரிமீற்றருக்குள் இருக்கும்போது மட்டும் வேப்பங்கொட்டைச் சாறு பலன் தரும். காய்ந்த பருப்பு 50 கிராமை இடித்து 1 லீற்றர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, துணியில் வடித்து, ஒரு சிட்டிகை சவர்க்காரத் தூள் கலந்து பின்னேரம் அடிக்க வேண்டும். வெயிலில் அடித்தால் வேம்பின் சத்து அழிந்துவிடும். சவர்க்காரம் போடாவிட்டால் எள்ளிலையில் ஒட்டாமல் உருண்டோடும். விரற்பருமனான புழுவுக்கு இது ஒன்றும் செய்யாது, கையால் பொறுக்குவதுதான் வழி. அறுவடை முடிந்ததும் ஆழமாக உழுதால் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு மேலே வரும். மிச்சத்தைக் கொக்கும் மைனாவும் பார்த்துக்கொள்ளும்.

கத்திரி, மல்லிகைச் செடிகளிலும் இதே புழுவைக் காணலாம். மஞ்சளாகவோ மண்ணிறமாகவோ கண்டால் வேறு இனம் என்று நினைக்க வேண்டாம். ஒரே இனத்தில் மூன்று நிறமும் உண்டு.

வெளிர் பச்சை, நீண்ட இரண்டு வால். வண்ணத்துப்பூச்சியா?
– ஒரு மாணவி, நெடுங்கேணி

நிலா அந்து, அக்ரியாஸ் செலீனி. உணர்கொம்பு இறகு போல இருக்கிறதா என்று பாருங்கள். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நூல் போல ஓடி நுனியில் குமிழ் வைத்திருக்கும். உங்கள் வேலியில் ஒதியமரம் நிற்கிறதா? அதன் புழு விரும்பித் தின்கிற மரம் அது. வால்களில் ஒன்று அறுந்திருந்தால் கவலைப்பட வேண்டாம். பறக்கும்போது சுழலும் வால், வௌவால் எழுப்பும் ஒலியின் எதிரொலியைத் தன் பக்கம் இழுக்கிறது. வௌவால் உடம்பை விட்டு வாலைக் கடிக்கிறது. இதன் அமெரிக்க உறவான லூனா அந்தை வைத்து 2015இல் வெளியான ஆய்வில், வால் உள்ளவற்றில் 35 சதவீதமும் வால் வெட்டியவற்றில் 81 சதவீதமும் வௌவாலிடம் பிடிபட்டன. அறுந்த வாலோடு வந்தது தப்பி வந்தது.

தோடையும் மாதுளையும் பழுக்கிற நேரத்தில் உதிர்கின்றன. பழத்தில் ஊசித்துளை. இரவில் ரோச் அடித்தால் செம்மஞ்சள் செட்டையோடு பெரிய அந்து பறக்கிறது. மூன்று தரம் மருந்தடித்தும் நிற்கவில்லை.
– ஒரு வாசகர், முத்தையன்கட்டு

மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்பதை முதலில் சொல்கிறோம். அதில்தான் நீங்கள் காசை விட்டிருக்கிறீர்கள். இது பழந்துளைக்கும் அந்து, யூடோசிமா. இதன் புழு உங்கள் தோட்டத்தில் இல்லை, காட்டோரத்திலும் வேலியிலும் படர்ந்த சீந்தில் கொடியில் வளர்கிறது. அந்து பகலில் காட்டுக்குள் காய்ந்த இலை போல அசையாமல் இருக்கும். இரவில் மட்டும் வந்து, பழத்தின் தோலில் உள்ள மருந்தை உட்கொள்ளாமல், நாக்கை நேரே உள்ளே இறக்கிச் சாற்றைக் குடித்துவிட்டுப் போய்விடும். நாக்கின் நுனி கடினமானது, முள்வரிசை கொண்டது, தோடையின் தடித்த தோலையும் துளைக்கும். நீங்கள் தெளித்தது போய்ச்சேர வேண்டிய இடம் எதிலும் அந்து இல்லை.

முதலில், இது பழ ஈயா அந்தா என்று உறுதிசெய்யுங்கள். பழத்தை மெதுவாக அமுக்குங்கள். அந்து துளைத்திருந்தால் துளையிலிருந்து சாறு பீச்சும். வெட்டினால் துளைக்குக் கீழே சதை சாறு வற்றிப் பஞ்சாக இருக்கும், புழு இருக்காது. உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தால் அது பழ ஈ, அதற்கு வைத்தியம் வேறு. அந்து துளைத்த பழத்துக்குள் பூஞ்சணம் போய், இரண்டு மூன்று நாளில் துளையைச் சுற்றி மண்ணிற வட்டம் விழுந்து, பிறகுதான் உதிரும். ஆகவே இன்று விழுந்த பழத்தின் சேதம் இன்றைக்கு நடந்ததில்லை.

செட்டையை மூடியிருக்கும்போது காய்ந்த இலை மாதிரிதான் தெரியும். விரித்தால் பின்செட்டை செம்மஞ்சள். அதன் நடுவில் கறுப்பு வளைவு, பிறை மாதிரி இருந்தால் யூடோசிமா ஃபலோனியா. உருண்டைக் கறுப்புப் பொட்டு இருந்தால் யூடோசிமா மற்றேர்னா. செய்ய வேண்டியது இரண்டுக்கும் ஒன்றுதான்.

பழத்துக்குப் பை கட்டுங்கள். நிறம் மாறத் தொடங்குவதற்கு முன் கட்ட வேண்டும். மணம் எழும்பிய பின் கட்டினால் பாதி ஏற்கெனவே துளைபட்டிருக்கும். மண்ணிறக் கடுதாசிப் பை நல்லது. பத்திரிகைத் தாள் என்றால் இரண்டு மடிப்பு, மழை பெய்தால் மாற்ற வேண்டி வரும். பொலித்தீன் பையில் நீர் வியர்த்துப் பழம் அழுகும், கீழ் மூலையில் துளையிடாமல் கட்டாதீர்கள். நைலோன் வலை கட்டுவோர் ஒரு தவறு செய்கிறார்கள். வலை பழத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், அந்து வலைக்கு மேலே இருந்தபடியே நாக்கை விட்டுக் குடிக்கும். பிரம்பு வளையம் ஒன்றை உள்ளே வைத்து வலையைத் தள்ளி நிறுத்துங்கள்.

விழுந்த பழத்தை அன்றைக்கே பொறுக்கி ஆழக் குழியில் புதையுங்கள். புளித்த மணம்தான் காட்டிலிருந்து மற்றவற்றையும் அழைத்து வருகிறது. இருட்டியதிலிருந்து இரவு பதினொரு மணிவரை ரோச்சோடு ஒரு சுற்று வாருங்கள். வெளிச்சம் பட்டால் அதன் கண் தணல் போல மின்னும். குடித்துக்கொண்டிருக்கும்போது லேசில் பறக்காது, கைவலையால் பிடித்துவிடலாம். பத்து மரமுள்ள வளவுக்கு இதுவே போதும். காலில் சப்பாத்தும் கையில் தடியும் இருக்கட்டும், விழுந்த பழத்தைத் தேடி எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

அப்படியானால் சீந்திலை வெட்டலாமா என்று கேட்கத் தோன்றும். வேண்டாம். உங்கள் வேலிச் சீந்திலை வெட்டினாலும் காட்டில் இருப்பதிலிருந்து அந்து பறந்து வரும். நல்ல மருந்துக்கொடி வீணாகப் போகும்.

அலரிச்செடியைப் பச்சைப் புழு ஒன்று மொட்டையடிக்கிறது. தொட்டால் தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண் திறக்கிறது. அலரி நஞ்சு என்பார்களே, இது எப்படிச் சாகாமல் இருக்கிறது?
– ஒரு வாசகி, செட்டிகுளம்

அலரிப் பருந்தந்தின் புழு, டஃப்னிஸ் நேரியை. அலரியின் நஞ்சு நம் இதயத்தைத் தாக்கும், ஆடு மாட்டையும் கொல்லும். இந்தப் புழுவின் உடல் அதைத் தாங்கப் பழகியது. நந்தியாவட்டை, பட்டிப்பூ இரண்டையும் தின்னும். அந்த 'கண்' கண்ணல்ல, தோலில் உள்ள நீலப் பொட்டு. தலையை உள்ளே இழுத்து அந்த இடத்தைப் புடைக்கும்போது சிறு பாம்பு பார்ப்பது போல இருக்கும்.

பச்சைப் புழு திடீரென்று கறுத்து, மண்ணிறமாகி, நிலத்தில் அலைந்தால் சாகப்போகிறது என்று நினைக்காதீர்கள். கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. உதிர்ந்த இலைக்கு அடியில் ஒதுங்கும். அந்த ஒரு வாரம் மட்டும் செடியடியைக் கூட்டிப் பெருக்காமல் விட்டால், ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பச்சையும் ரோசாவும் வெள்ளையும் அலை அலையாக ஓடும் செட்டையோடு ஒன்று வெளியே வரும். 8 முதல் 11 சென்ரிமீற்றர் அகலம். நம் வளவுக்கு வரும் அந்துகளில் இதைவிட அழகானது இல்லை என்று துணிந்து சொல்வோம். அலரி திரும்பத் தளிர்க்கும். புழுவைக் கையால் இடம் மாற்றினால் அலரிப்பால் பட்ட கையை நன்றாகக் கழுவுங்கள்.

பருந்தந்துகளைக் கொல்ல வேண்டாம் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. பப்பாசியின் ஆண்மரத்திலிருந்து பெண்மரத்துக்குப் பொழுதுபட்ட நேரத்தில் மகரந்தம் கொண்டுபோவது பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். பப்பாசி பூத்தும் காய்க்கவில்லை என்று எழுதுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

அறைக்குள் கறுத்த அந்து ஒன்று. முன்செட்டையில் ஆந்தைக் கண். விரட்டினால் அலுமாரிக்குப் பின்னால் போகிறது.
– ஒரு வாசகர், கனகராயன்குளம்

ஆந்தை அந்து, எரெபஸ் மக்ரொப்ஸ். 12 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். பகலில் இருட்டும் குளிர்ச்சியும் தேடி வந்திருக்கிறது. வெயில் நேரத்தில் விரட்டினால் இன்னும் இருட்டுக்குள்தான் போகும். பொழுதுபட அறை விளக்கை அணைத்து, கதவைத் திறந்துவிடுங்கள். தானாகப் போய்விடும். அவசரம் என்றால் அகன்ற கடுதாசிப் பெட்டியால் மூடி, சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் மட்டையைச் செருகி எடுங்கள். தும்புத்தடியால் அடித்தால் செதில் கொட்டும். அது நஞ்சில்லை, ஆனால் தூசு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மூக்கும் கண்ணும் அரிக்கும்.

முருங்கையில் திரளும் மயிர்க்கொட்டியும் இப்படிப் பெரிய அந்தாகுமா? பந்தம் கொளுத்தலாமா?
– ஒரு வாசகி, துணுக்காய்

ஆகும். யூப்ரெரோற்றே மொலிஃபெரா, வெளிர் மஞ்சள் கலந்த மண்ணிறம், எந்த அலங்காரமும் இல்லாத அந்து. அதன் புழுக்கள்தான் பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும். பந்தம் வேண்டாம். புழு எரியும்போது மயிர் புகையோடு எழும்பிக் கண்ணிலும் மூச்சிலும் போகும், முருங்கையின் மெல்லிய பட்டையும் வேகும். முழுக்கைச் சட்டை போட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, நீளத் தடியில் கட்டிய ஈரச்சாக்கால் வழித்துச் சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் விழுத்துங்கள்.

உடம்பில் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், மயிர் இன்னும் உள்ளே இறங்கும். ஒட்டுநாடாவை ஒட்டி உரித்து மயிரை எடுத்த பிறகுதான் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

உயர்தர உயிரியல் மாணவர்களுக்கு அந்துகளைக் கொல்லாமல் காட்ட விரும்புகிறேன். என்ன வசதி வேண்டும்?
– ஓர் ஆசிரியர், கிளிநொச்சி

ஒரு வெள்ளை வேட்டி, ஒரு மின்குமிழ், இரண்டு தடி. வேட்டியைக் கொடியில் போட்டு, கீழ் விளிம்பு நிலத்தில் அரை மீற்றர் விரிந்து கிடக்கும்படி விடுங்கள். பல அந்துகள் துணியில் ஏறாமல் அடியில்தான் வந்து இருக்கும், மிதிபடும். குமிழைத் துணியிலிருந்து ஒரு முழத் தூரத்தில் தொங்கவிடுங்கள். புறஊதாக் கதிர் கலந்த வெளிச்சம் சிறந்தது. மஞ்சள் ஒளி எல்.இ.டி.க்கு மிகக் குறைவாகவே வரும். அமாவாசையை அண்டிய, காற்றில்லாத, மழை ஓய்ந்த புழுக்கமான இரவைத் தெரிவுசெய்யுங்கள். நிலவு காலத்தில் துணி வெறுமையாக இருந்தால் குமிழைக் குறை சொல்ல வேண்டாம்.

வெளிச்சத்தை விரும்பி வருகின்றன என்றுதான் பாடத்தில் சொல்லி வந்தோம். 2024இல் வெளியான ஓர் ஆய்வு அதிவேகக் கமெராவால் பார்த்தபோது வேறு தெரிந்தது. பறக்கும் பூச்சி வானத்தின் வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகை வைத்துப் பறக்கப் பழகியது. குமிழுக்குக் கிட்ட வந்ததும் அதற்கே முதுகைத் திருப்பித் திருப்பி, அதைச் சுற்றி மாட்டிக்கொள்கிறது. மாணவர்கள் அதைக் கண்ணாலேயே கவனிக்கலாம்: குமிழுக்கு மேலே போன பூச்சி சில வேளை தலைகீழாகப் புரண்டு விழும். பார்த்து முடிந்ததும் விளக்கை அணைக்க மறக்கக் கூடாது. விடியும்வரை விட்டால் பல்லியும் கரிக்குருவியும் துணியைத் துடைத்துவிடும்.

வெளிச்சத்துக்கு லேசில் வராத ஆந்தை அந்துக்கும் பழந்துளைப்பானுக்கும் இரை வையுங்கள். கனிந்து கறுத்த வாழைப்பழம் 3, சர்க்கரை 250 கிராம், அரைப் போத்தல் கள். கள் வேண்டாமென்றால் ஒரு கரண்டி ஈஸ்ற்றும் தண்ணீரும். பிசைந்து ஒரு நாள் மூடிவைத்து, புளித்ததும் பொழுதுபட முன் நெஞ்சளவு உயரத்தில் மரப்பட்டையில் பூசுங்கள். கை நீளத்துக்கு ஒரு பட்டை போதும். தண்ணீராக இருந்தால் வழிந்து எறும்பை அழைக்கும், களி பதத்தில் இருக்க வேண்டும். தசரும் நிலா அந்தும் இதற்கு வரமாட்டா. வாய் இல்லாததை எதைக் கொடுத்தும் அழைக்க முடியாது என்பதை மாணவர்கள் தாங்களாகக் கண்டுபிடிக்கட்டும்.

பள்ளிக்கூட வளவுக்குள் செய்யுங்கள். காட்டோரம் யானை வரும் இடம், கண்ணிவெடிப் பலகை நடப்பட்ட காணி இரண்டுக்கும் கிட்டப் போக வேண்டாம். ஒவ்வொரு அந்துக்கும் திகதி, நேரம், அகலம், இருந்த இடம், 50 மீற்றருக்குள் நிற்கும் மரங்கள் என்று ஐந்து குறிப்பு எழுதவையுங்கள். படம் மூன்று: மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, உணர்கொம்பு தெளிவாக ஒன்று. அந்தக் குறிப்போடு எங்களுக்கு அனுப்பினால் அடுத்த இதழில் பெயரோடு போடுவோம்.